பாத்ரூம் கைப்பிடி மாட்டுபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களுக்கு வணக்கம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் டவல் கம்பியை நம்ப வேண்டாம். ஆள் பாரம் தாங்காது. ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் கைப்பிடியும் வேண்டவே வேண்டாம். டைல்ஸ் இடுக்கில் காற்று புகுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிடும்.

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலோர உப்புக்காற்று. குரோம் பூசிய இரும்பு துருப்பிடிக்கும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், 316 ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. கூடவே வரும் ஸ்குரூ பல நேரம் வெறும் இரும்புதான், அதையும் எஸ்.எஸ்.ஸில் மாற்றிவிடுங்கள். முதலில் துருப்பிடித்து அறுந்துபோவது அதுதான்.

பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் சுண்ணாம்புச் சாந்துச் சுவர். துளை போடும்போது தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், பிளக் (ஸ்குரூ இறுகத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) பிடிக்கும். வெளுப்பாகப் பொலபொலவென்று கொட்டினால் சாந்து இடுக்கு. அங்கே பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்லில் இறங்க ஸ்குரூ குறைந்தது 2½ அங்குலம் வேண்டும். டைல்ஸ் தாண்டும்வரை டிரில் மெஷினில் ஹேமர் (இடித்துத் துளைக்கும் முறை) போடக் கூடாது, விரிசல் விடும்.

உயரம் பொதுவாக 33 முதல் 36 அங்குலம். ஆனால் பெரியவரையே நிற்கவைத்து, தொங்கும் கையின் மணிக்கட்டு மட்டத்தில் குறியுங்கள். கூன் விழுந்தவருக்கு அளவு மாறும். மாட்டியதும் நீங்கள் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்த பிறகே அவர்களைப் பிடிக்க விடுங்கள்.

பெரியவர் உள்ளே விழுந்துவிட்டால் உதவ, பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள்.