ஏற்காடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், போன் நம்பரும் வாங்கவில்லை, அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி இதை எழுதுகிறேன். போன சனிக்கிழமை மதியம் ஏற்காட்டிலிருந்து இறங்கிய பஸ்ஸில், ஜன்னலோரம் நீ, உன் மடியில் பையன், பக்கத்தில் நான். பஸ்ஸில் நீங்க, வாங்க என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் நீ என்று வருகிறது. பொறுத்துக்கொள் கண்ணு.

பின் சீட்டுப் பாட்டி உன் பையனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார்கள். நீ சிரித்தபடி வாங்கினாய், ஆனால் பிரிக்கவில்லை. திருப்பினாய். பின்பக்கத்துப் பொடி எழுத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் படிக்கப் பார்த்தாய், ஒவ்வொரு வளைவுக்கும் வெயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற, நீயும் பாக்கெட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தாய். அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்து வருடம் நானும் அப்படித்தான் பாக்கெட் திருப்பியிருக்கிறேன். "எது ஆகாதுங்க?" என்று கேட்டேன். "வேர்க்கடலை, முந்திரி, அப்புறம் பால்" என்றாய்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் நீ என்னிடம் கேட்டது மூன்று. இவனுக்கு எந்தப் புத்தகம் பார்த்துச் சமைப்பது. நம்ம கிறிஸ்தவ விசுவாசத்தோடு ஒட்டின நல்ல கதை எது. ராத்திரி அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துக்கொண்டே தூக்கம் தொலைகிறபோது படிக்க ஒரு காதல் கதை, மாமியார் எடுத்துப் புரட்டினாலும் நெஞ்சு பதறாத மாதிரி. நான் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது கோரிமேடு வந்துவிட்டது, நீ இறங்கிவிட்டாய்.

சமையலை முதலில் சொல்கிறேன். அலர்ஜி சமையல் புத்தகம் என்று இங்கிலீஷில் நிறைய வருகிறது, எதை வாங்கினாலும் முன்னட்டையை நம்பாதே. 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்ட புத்தகத்தில் கோதுமைக்குப் பதிலாகப் பாதி இடங்களில் பாதாம் மாவுதான் இருக்கும். பால் இல்லை என்று போட்ட புத்தகத்தில் முந்திரியை ஊறவைத்து அரைத்துத்தான் கிரீம் செய்யச் சொல்லுவார்கள். உன் பையனுக்கு இரண்டுமே ஆபத்து. கடையில் நின்றபடியே பத்துப் பக்கம் புரட்டு, எதற்குப் பதிலாக எதைச் சொல்கிறார்கள் என்று மட்டும் பார். இன்னொன்று, அமெரிக்காவில் எள்ளை முக்கிய அலர்ஜிப் பொருளாகச் சேர்த்தது 2023 ஜனவரியில்தான். அதற்கு முன் அவர்கள் பட்டியலில் எட்டுப் பொருள்தான், அப்போது வந்த புத்தகத்தில் "முக்கிய எட்டும் கிடையாது" என்று இருந்தால், எள் இருக்கலாம் என்றுதான் அர்த்தம். நம் நாட்டில் 2020 லேபிள் விதிகளின் அலர்ஜிப் பட்டியலில் கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மற்ற கொட்டைகளும், சோயா, சல்ஃபைட் இவையெல்லாம் உண்டு. எள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. உன் பையனுக்கு எள் ஆகுமா என்று டாக்டரிடம் ஒருதரம் கேட்டுவிடு.

எனக்குக் கடைசிவரை கைகொடுத்தது அலர்ஜிப் புத்தகமே இல்லை, 1951-இல் மீனாட்சி அம்மாள் எழுதின 'சமைத்துப் பார்'. சுத்த சைவம், முட்டை கிடையாது, நம்ம வீட்டுச் சாமான். அந்தப் புத்தகத்தோடு ஒரு பென்சில் வைத்துக்கொள். பால், நெய், தயிர் வருகிற இடத்தில் கோடு போடு, பக்கத்தில் தேங்காய்ப்பால், தேங்காய் எண்ணெய் என்று எழுது. முந்திரி வருகிற இடத்தை அடித்துவிடு. ஒரு மாதத்தில் அது உன் பையனுடைய சமையல் புத்தகமாகிவிடும். ஆனால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் சிலது உண்டு. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். உன் பையனுக்குக் கோதுமை ஆகும், ஆனால் இதைப் படிக்கிற வேறு அம்மாவுக்கு வேண்டியிருக்கலாம். செக்குக் கடலை எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், நம்ம ஊரில் பலகாரம் பாதி அதில்தான் பொரிகிறது, வெளியில் வாங்கும்போது எந்த எண்ணெய் என்று கேள். மாவு மில்லுக்குப் போனால் உனக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று கேள், கூச்சப்படாதே. எங்கள் வீட்டில் ஒரு மிக்ஸி ஜார் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருக்கிறேன். அதில் கடலையே பட்டதில்லை. விருந்தாளி யார் வந்து சமையல்கட்டில் நின்றாலும் முதலில் அந்தப் பொட்டைத்தான் காட்டுவேன்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. என் மகளுக்கு மூன்று வயதில் ஒரு விசேஷ வீட்டில் இட்லிக்குப் பொட்டுக்கடலைச் சட்னி என்று சொல்லிப் போட்டார்கள். கெட்டியாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு பிடி வேர்க்கடலையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள். இரண்டாவது வாயிலேயே உதடு தடித்தது, அப்புறம் குரல் கம்மியது. ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் அவளால் அழவே முடிந்தது. அரிப்பு மாத்திரை தடிப்பைத்தான் அடக்கும், மூச்சடைப்பை நிறுத்தாது, அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. மலைமேல் இருக்கிறவள் நீ. மூச்சு திணறினால் என்ன செய்வது, ஊசி எங்கே கிடைக்கும், யார் போடுவார்கள் என்பதை டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டு. அப்படி ஆனால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடு.

சரி, சந்தோஷமான விஷயத்துக்கு வருகிறேன், ஜவ்வரிசி. சேலத்துக்காரிக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதே, நம்ம குச்சிக்கிழங்கில் செய்கிற இந்த முத்தில் கோதுமை இல்லை, பால் இல்லை, கொட்டை இல்லை. ஆனால் உப்புமா செய்யும்போது எல்லோரும் கடலைப் பொடி போடுகிறார்கள். அது ருசிக்கு மட்டும் இல்லை, ஈரத்தை உறிஞ்சி முத்து ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அதே வேலையைத் தேங்காய்த் துருவல் செய்யும், வெறும் வாணலியில் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்துக்கொள். ஜவ்வரிசியை மாவுத் தண்ணீர் தெளிகிறவரை மூன்று நான்கு தரம் அலசு. மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு மூடி வை. விரலால் நசுக்கினால் நடுவில் கல் இல்லாமல் மசிய வேண்டும், அதுதான் பதம். கடுகு, பச்சை மிளகாய், இஞ்சி தாளித்து, வெந்த உருளைக்கிழங்கோடு முத்தைப் போட்டுக் கண்ணாடியாக மாறியதும் தேங்காயைத் தூவி இறக்கி எலுமிச்சை பிழி. என் மகள் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்தால் இன்றும் முதலில் கேட்பது இதைத்தான்.

விசுவாசக் கதைகள். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை. பிள்ளைக்கு நோய் வரும், அம்மா கண்ணீரோடு ஜெபிப்பாள், கடைசி அத்தியாயத்தில் பிள்ளை எழுந்து ஓடும். இந்த மாதிரிக் கதையை என் மகளின் சின்ன வயதில் அன்போடுதான் நாலு பேர் கொடுத்தார்கள். படித்து முடித்த ராத்திரி, என் ஜெபத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்து அழுதேன். உனக்கு அப்படி ஒன்றை நான் தர மாட்டேன்.

நீ இங்கிலீஷ் படிப்பேன் என்றாய். கேத்தரின் மார்ஷல் 1967-இல் எழுதின 'கிறிஸ்டி'யைப் படி. 1912-இல் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அமெரிக்காவில் ஒரு மலைக் கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போகிறாள், எழுதியவர் தன் அம்மாவின் அனுபவத்தை வைத்து எழுதியது. சேறு, குளிர், வைத்தியம் எட்டாத வீடுகள், மலையில் வளர்ந்த நமக்கு அந்தப் பாதையெல்லாம் பழக்கப்பட்டதுபோலவே இருக்கும். அதில் டைஃபாய்டு வருகிறது, ஜெபித்தவர்கள் எல்லோரும் பிழைப்பதில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பெண் விசுவாசத்தை விடாமல் பிடித்துக்கொள்கிற இடம்தான் கதை. தமிழில் கேட்டால் அநுத்தமாவின் 'கேட்ட வரம்'. நம்ம வேதம் இல்லை, ராம பஜனை ஊரின் கதை. ஆனால் பக்தி ஒரு வீட்டின் அன்றாடத்துக்குள் எப்படிப் புழங்கும் என்று அவ்வளவு அமைதியாகச் சொன்னவர்கள் குறைவு. உன் மாமியாருக்கும் படித்துக் காட்டு.

காதல் கதைக்கு வருகிறேன். பாக்கெட், தட்டு, டம்ளர், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கை என்று நாள் முழுக்கக் காவல் இருக்கிறவளுக்கு, அடுத்த பக்கத்தில் என்ன வருமோ என்று பயப்படாமல் படிக்க ஒரு புத்தகமாவது வேண்டும், நீ கேட்டது அதைத்தான் என்று எனக்குப் பட்டது. ஜேனட் ஓக் 1979-இல் எழுதின 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி'. புருஷனைப் பறிகொடுத்து, வயிற்றில் பிள்ளையோடு யாருமில்லாத புல்வெளி தேசத்தில் நிற்கிற பெண்ணிடம், தாயில்லாத மகளை வைத்திருக்கும் ஒருவன் கல்யாணம் கேட்கிறான், குழந்தைக்கு அம்மா வேண்டும் என்று மட்டும். வசந்தம் வந்ததும் நீ ஊருக்குத் திரும்ப நினைத்தால் வழிச்செலவு நான் தருகிறேன் என்கிறான். அவ்வளவுதான் அவன் பேசுகிற காதல் பேச்சு. மீதியெல்லாம் விறகு, அடுப்பு, பொறுமை. நான் ஏற்காட்டில் படித்த காலத்தில் ஒரு டீச்சர் கொடுத்துப் படித்தது, நாலு தரம் படித்துவிட்டேன்.

தமிழில் டாக்டர் திரிபுரசுந்தரி, அதாவது லட்சுமி. வைத்தியம் பார்த்துக்கொண்டே குடும்பக் கதை எழுதியவர், 1984-இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியவர். அவர் கதைகளில் பெண்ணுக்கு முதுகெலும்பு இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முத்தமே வராத கதை என்பதற்காக அது நல்ல கதை ஆகிவிடாது. கதாநாயகன் அவளை மிரட்டிக்கொண்டும் சந்தேகப்பட்டுக்கொண்டும் இருப்பான், கடைசியில் அதெல்லாம் அன்பாலதான் என்பார்கள். அந்த மாதிரியை நான் சுத்தம் என்று சொல்ல மாட்டேன், என் மகளுக்கும் கொடுத்ததில்லை.

அப்புறம் ஒன்று, பழசு, ஆனால் விடாதே. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879-இல் அச்சான தமிழின் முதல் நாவல். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர், நம்மைப் போலக் கிறிஸ்தவர், ஆனால் கதையில் யாரையும் மதம் மாற்றப் பார்ப்பதில்லை. ஞானாம்பாள் என்று ஒரு மனைவி வருகிறாள், ஆண் வேஷம் போட்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள், அவள் புருஷனுக்கு அவள் புத்தி மேல் பொறாமை இல்லை, பெருமைதான். கல்யாணமான இருவர் ஒருவரையொருவர் இவ்வளவு மதிக்கிற கதையைக் காதல் கதை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது. நடை கொஞ்சம் கடினம், ஒரு ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் போதும்.

எங்கம்மா இன்னும் ஏற்காட்டில்தான் இருக்கிறார்கள். இரண்டாவது சனிக்கிழமைதோறும் காலையில் மேலே வந்து, மதியம் அதே பஸ்ஸில் இறங்குவேன். 'கிறிஸ்டி'யின் முதுகு பிரிந்திருந்தது, கோந்து போட்டு ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். அதையும், பென்சில் கோடு போட்ட என் பழைய 'சமைத்துப் பார்' பிரதியையும் இனிமேல் பையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அஸ்தம்பட்டி அக்கா