வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னைக்குத் தள்ளியிருக்கும் மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிப்பவர்கள் நாங்கள். 2027-இல் படிப்பை முடிக்கும் மாணவர்களுக்கு நீங்கள் நடத்தும் வளாகத் தேர்வைப் பற்றி எழுதுகிறோம். கேள்விகள் கடினம், சம்பளம் குறைவு என்று சொல்ல வரவில்லை. தகுதியுள்ள பிள்ளைகள், தங்கள் தவறு எதுவும் இல்லாமலே, உங்கள் படிவத்திலும் கால அட்டவணையிலும் அடிபட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க மனம் ஒப்பவில்லை.

முதலில் பத்தாம் வகுப்பு மதிப்பெண். பள்ளியிலிருந்து இடைவெளி இல்லாமல் வந்தவர்கள் 2021-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். கொரோனாவால் அந்த ஆண்டு தமிழ்நாடு மாநில வாரியத்தில் பொதுத்தேர்வே நடக்கவில்லை. எல்லோருக்கும் தேர்ச்சி வழங்கப்பட்டது. சான்றிதழில் மதிப்பெண் இல்லை. உங்கள் பதிவுப் படிவமோ பத்தாம் வகுப்பு விழுக்காட்டைக் கட்டாயம் கேட்கிறது, 60-க்குக் கீழே போட்டால் தகுதியில்லை என்று மூடிக்கொள்கிறது. பூஜ்யம் போட்ட பிள்ளை அங்கேயே கழிந்துவிடும். ஏதோ ஓர் எண்ணைப் போட்டுத் தாண்டிய பிள்ளை, வேலை கிடைத்த பிறகு நடக்கும் பின்புலச் சரிபார்ப்பில் பொய்த் தகவல் கொடுத்ததாக மாட்டிக்கொள்ளும். ‘மதிப்பெண் வழங்கப்படவில்லை’ என்று தேர்ந்தெடுக்கப் படிவத்தில் ஒரு கட்டம் வைத்து, பன்னிரண்டாம் வகுப்பையும் பட்டப்படிப்பையும் மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். ஆனால் பதிவுக்கான இணைய இணைப்பைத் திறக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். திறந்தபின் தொலைபேசியில் கூப்பிட்டால் “சிஸ்டம் எடுக்காது சார்” என்ற பதில்தான் கிடைக்கிறது.

அடுத்தது பெயர். கார்த்திகா என்று ஒரு மாணவி, தந்தை பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவர் ‘கார்த்திகா எஸ்’. பான் அட்டையில் கடைசிப் பெயராக வெறும் இனிஷியலை ஏற்கமாட்டார்கள்; எனவே அதில் ‘கார்த்திகா செல்வம்’. ஆதாரில் இரண்டில் எதுவும் இருக்கலாம். உங்கள் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கேட்டு, கடைசிப் பெயரில் ஓர் எழுத்து மட்டும் போட்டால் சிவப்புக் கோடு காட்டுகிறது. சிலர் தந்தை பெயரைப் போடுகிறார்கள், சிலர் தன் பெயரையே இரண்டு முறை போடுகிறார்கள். விளைவு, சரிபார்ப்பு முகமை ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறது. பிறகு முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி கையெழுத்து, இரண்டு வாரத் தாமதம். போதாததற்கு “அன்புள்ள செல்வம்” என்று அந்தப் பெண்ணுக்கு மின்னஞ்சல் வேறு. ‘பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம், ‘இனிஷியலின் விரிவு’ என்று இன்னொரு கட்டம். இதை வைத்துவிட்டு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று முகமைக்கும் எழுதிக்கொடுங்கள்.

நேர்முகத் தேர்வு நாளுக்கு ஒரு கணக்கு. ஒருவருக்கு 20 நிமிடம் என்றால் ஒரு குழு மணிக்கு 3 பேரைப் பார்க்கும். ஆறு மணி நேரத்தில் 18 பேர். எழுத்துத் தேர்வில் தேறிய 200 பேரை ஒரே நாளில் பார்க்க 12 குழு வேண்டும். நான்கோ ஐந்தோதான் வருகின்றன, அதிலும் ஒன்று நடுவில் வாடிக்கையாளர் அழைப்புக்கு எழுந்து போகிறது. மாலை 5 மணிக்குமேல் 20 நிமிடம் ஆறு நிமிடமாகச் சுருங்குகிறது. காலையில் போனவருக்கும் இரவில் போனவருக்கும் ஒரே தேர்வு நடந்தது என்று சொல்லவே முடியாது. காலைப் பட்டியல், மதியப் பட்டியல் என்று முந்தின நாளே பிரித்து அனுப்புங்கள். குழு குறைவென்றால் இரண்டு நாள் நடத்துங்கள். அறையும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. கடைசிப் பேருந்தைத் தவறவிடும் மாணவிகளின் பதற்றம் அவர்களின் பதில்களிலும் தெரியும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் 2021 முதல் பொறியியலுக்கு வந்தவர்கள் இப்போது உங்கள் எதிரே அமர்கிறார்கள். பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினால் மனப்பாடம் செய்தது பாதியில் அறுந்துவிடும். முதலில் தாளும் பேனாவும் கொடுத்து, புராஜெக்ட்டின் தரவுத்தள அட்டவணைகளை வரையச் சொல்லுங்கள். வரைந்ததைக் காட்டி விளக்கும்போது பேச்சு தானாக வரும்.

தேர்வான பிறகு வரும் கடிதத்தில் இரண்டு விஷயம். பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு மாணவருக்கு ஒரு வேலைதான். உங்கள் பட்டியலில் பெயர் வந்த அன்றே அடுத்த நிறுவனத்தின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். அதன்பின் நீங்கள் சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனால் அந்தப் பிள்ளைக்கு எல்லாக் கதவும் அடைபட்டுவிடும். எந்தத் தேதிக்குள் அழைப்பீர்கள் என்று கடிதத்திலேயே அச்சிடுங்கள். முடியாதென்றால் எழுத்தில் விடுவித்துவிடுங்கள், நாங்கள் மறுபடி சேர்த்துக்கொள்வோம்.

இன்னொன்று சம்பளம். ஆண்டுக்கு 3,60,000 என்றால் வீட்டில் மாதம் 30,000 என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் நிறுவனத்தின் வைப்புநிதிப் பங்கு 1,800, பணிக்கொடைக்கு 721, செயல்திறன் தொகை 10 விழுக்காடு என்றால் 3,000, ஊழியரின் வைப்புநிதிப் பங்கு 1,800. இவை எல்லாம் அந்த 30,000-த்திலிருந்தே கழிவதால் மாதம் கைக்கு வருவது 22,679. தொழில்வரியும் காப்பீடும் போனால் இன்னும் குறையும். அந்த எண்ணை நேர்முகத் தேர்வுக்கு முன்பே சொல்லுங்கள். சென்னையில் விடுதி வாடகை கட்ட வேண்டியவர்கள் அதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.

கடைசியாக, தேர்வாகாதவர்களின் பட்டியல். எந்தச் சுற்றில் நின்றார்கள் என்ற ஒரு வரியோடு ஏழு நாளுக்குள் அனுப்புங்கள். உங்கள் முடிவு தெரியாதவரை அவர்களை அடுத்த நிறுவனத்துக்குப் பதிய எங்களால் முடியாது.

இப்படிக்கு,
மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்கள்