மொட்டை மாடியிலிருந்து

சித்திரை 25

அன்பு மகளுக்கு,

இங்கே மணி பத்தரை. ஃபிராங்க்பர்ட்டில் ஏழுதான், இப்போதுதான் எழுந்திருப்பாய். நான் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு காக்கா ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 32 வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு உன் அம்மா கொடுத்திருக்கும் உத்தியோகம்.

வீடியோ காலில் அப்பாயியின் நெற்றியும் ஃபேனும்தான் தெரிகிறது என்று குறைப்பட்டாயே, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா நாலு மணிக்கே எழுந்து வத்தலுக்குக் கூழ் கிண்டிவிட்டாள். நேற்றே அரைத்துக் கொஞ்சம் புளிக்கவைத்த பச்சரிசி மாவு, ஜவ்வரிசி, பச்சைமிளகாய், பெருங்காயம். உப்பு மட்டும் அப்பாயி பொறுப்பு. காய்ந்தால் உப்பு தூக்கிவிடும், கூழில் ஒரு கல் குறைவாகவே இருக்கட்டும் என்று வருஷா வருஷம் சொல்லும். அம்மாவும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவாள். என் பழைய வேட்டிகளை விரித்து, வெயில் ஏறுமுன் வத்தல் ஊற்றி முடித்தாயிற்று. நாளைக்குத் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, இன்னும் இரண்டு வெயில் காயணும். கறுப்புக் குடையை விரித்து வைத்தால் காக்கா அண்டாதாம். இந்த வருஷத்துக் காக்கா குடைமேலேயே உட்காருகிறது.

உன் தம்பி பருத்திக் கொல்லையில். முதல் எடுப்பு. கத்திரி பிறந்துவிட்டதால் பத்து மணிக்கு மேல் ஆட்கள் நிற்பதில்லை, இந்நேரம் மூட்டை கட்டிக்கொண்டிருப்பான். ஏலத்தில் என்ன விலை போகுமோ என்று ராத்திரியெல்லாம் போனை நோண்டுகிறான். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்கிற கவலை வேறு.

அவன் மகள் இதற்குள் மூன்று தடவை மாடிக்கு வந்துவிட்டாள். பாதி காய்ந்த வத்தல் ருசி தெரிந்துவிட்டது. நீ அந்த வயதில் ஒரு வேட்டியின் ஓரம் முழுக்கக் காலி செய்துவிட்டு, பூனை என்று சொன்னாய். சரி, பூனையாகவே இருக்கட்டும்.

கடைசி வேட்டியில் மட்டும் மிளகாய் போடாத கூழ். யாருக்கு என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "உங்க பேரனுக்கு" என்றாள். அவன் டிசம்பரில்தானே வருகிறான் என்றேன். பதில் சொல்லாமல் கீழே போய்விட்டாள்.

நாற்காலியை அந்த வேட்டிப் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன்.

அப்பா