பால் ஊற்றும் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பால் சொசைட்டி வாசலில் ‘மந்தன்’ இந்திப் படம் முடிந்து, கரண்ட்டும் போய், எல்லோரும் செல்போன் வெளிச்சத்தில் செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள்: “அந்த டாக்டர் ஏன் தம்பி பாதியிலயே மூட்டை கட்டிட்டாரு?” அந்த இருட்டில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஷியாம் பெனகலின் இந்தப் படத்துக்கு முதல் போட்டவர்கள் உங்களைப் போலப் பால் ஊற்றிய குஜராத்துக்காரர்கள். ஐந்து லட்சம் பேர், ஆளுக்கு இரண்டு ரூபாய். 1976-இல் படம் வந்ததும் லாரி ஏறிப் போய்ப் பார்த்தார்கள். பழைய படங்களைக் காக்கும் பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் அதைச் செப்பனிட்டு 2024-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் காட்டியது. (நூற்றுக்கு மேல் படம் எடுத்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவுக்கு நம் ஏற்காடு ரோட்டில் ஒரு வளைவுதான் மிச்சம். அந்த வயிற்றெரிச்சல் இன்னொரு நாளைக்கு.)

சரி, ஊரில் பால் சொசைட்டி தொடங்க வந்த அந்த மாட்டு டாக்டருக்கு வருவோம். பாலின் கொழுப்பு பார்த்துக் காசு கொடுக்கிறவரை அவரால் ஊர்ப் பெரியவர்களுக்குத் தொந்தரவு இல்லை. தனியார் பால் வியாபாரிக்கு மட்டும்தான் கடுப்பு. சொசைட்டித் தேர்தலில் ஊர்த்தலைவர் தோற்று, தலித் தெரு ஆள் ஜெயித்தாரே, அங்கேதான் எல்லாம் மாறுகிறது. தோற்றவர் போய் அந்த வியாபாரியோடு சேர்ந்துகொள்கிறார். குடிசைகள் எரிகின்றன. கிராமத்துப் பெண்ணாக வரும் ஸ்மிதா பாட்டீலிடம் கைநாட்டு வாங்கி டாக்டர் மேல் பழி போடுகிறார்கள். மேலிடத்திலிருந்து மாற்றல் உத்தரவு வருகிறது. அவர் சம்பளக்காரர், போய்த்தான் ஆகவேண்டும். போக வழியில்லாத, அதே தலித் தெரு இளைஞன் போலாதான் மறுபடி பால் கேனைத் திறந்து வைக்கிறான். என்னைக் கேட்டால் படத்தின் நாயகன் அவன்தான். வெண்மைப் புரட்சிப் படம் என்று பாராட்டுகிறவர்கள் அந்தத் தேர்தலை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாமும் தாண்டிவிடக் கூடாது அக்கா. அன்றைக்கு நம் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தது யார், ரோட்டோரம் நின்றபடியே பார்த்தது யார் என்று நீங்களும் கவனித்திருப்பீர்கள். காலையில் வரிசையில் முன்னால் நிற்கும் காலனிப் பெண்கள், படத்துக்கு மட்டும் ஏன் உள்ளே வரவில்லை? யாரும் தடுக்கவில்லை என்கிறார் செயலாளர். யாராவது கூப்பிட்டோமா?

அடுத்த பால் பணப் பட்டுவாடா அன்று சாயங்காலம் மறுபடி போடலாம் என்றிருக்கிறேன். இந்தமுறை அவர்கள் வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும். நான் தனியாகப் போனால் அதிகாரி வந்த மாதிரி இருக்கும். நீங்களும் கூட வருவீர்களா?

அன்புடன்,
மைக்கில் கதை சொன்ன தம்பி