திருப்பூர் பனியன் ஆலைகளின் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உற்பத்தி மேலாளர்களுக்கும் ஆலை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். பனியன் தொழிலில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். ஆலைக்குள் இணக்கம் நிலவ வேண்டும் என்று நிர்வாகங்கள் பேசத் தொடங்கினால், ஆயுதபூஜைக்குப் பொரிகடலை, பொங்கலுக்குக் கோலப்போட்டி, மகளிர் தினத்துக்கு எவர்சில்வர் டப்பா என்பதோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அவற்றில் குறையொன்றுமில்லை, கோலப்போட்டி நடக்கும் நாளில் ஆலையே வேறு முகம் காட்டுவதை நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் மறுநாள் காலை பத்து மணிக்கு, தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும் லைனின் தலைப்பில் தொங்கும் பலகையில் முதல் மணிநேர உற்பத்தி எண்ணை எழுதும்போது மேற்பார்வையாளர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதில்தான் அந்த ஆலையின் இணக்கமும் உற்பத்தியும் சேர்ந்தே இருக்கின்றன. தவறு நடந்துவிட்டது என்பதை லைனில் இருப்பவர் அச்சமின்றி உடனே சொல்லும் நிலை உங்கள் ஆலையில் இருக்கிறதா என்ற ஒன்றைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

ஊசி உடைவதை எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதி ஆலைகளில் தையல் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, பதிவேட்டில் ஒட்டி, கையொப்பமிட்ட பிறகே புதிய ஊசி தரப்பட வேண்டும் என்பதும், ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் பீஸ்களை எல்லாம் ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் ஓட்ட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்த நடைமுறைதான். அந்த மணிநேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கிறது, டார்கெட்டுக்கு இன்னும் சில பீஸ்கள் குறைகின்றன, விளிம்பை மடித்துத் தைக்கும் ஃபிளாட்லாக் மெஷினில் ஊசி உடைகிறது, முனைத்துண்டு மட்டும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டெய்லர் கையை உயர்த்தினால் மெஷின் நிற்கும், பின்னால் இருப்பவருக்கு வேலை வராது, நாற்பது பேர் பார்க்க ஏச்சு விழும். முன்பு எப்போதோ உடைந்த ஊசியின் முனையை டிராயரில் பத்திரப்படுத்தி வைத்திருந்து, இத்தகைய நேரத்தில் அதை எடுத்து ஒட்டிக் கணக்கை நேர்செய்துவிடும் டெய்லர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். வேலையில் மிகவும் கெட்டிக்காரர்களாக இருந்தவர்களும் அதைச் செய்தார்கள். பதிவேடு குறையின்றி இருக்கும், ஆடிட்டுக்கு வருபவரும் பாராட்டிவிட்டுப் போவார். தொலைந்த முனையோ ஒரு கைக்குழந்தையின் சட்டை மடிப்பில் பேக்கிங் பிரிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். மெட்டல் டிடெக்டர் பிடித்துக்கொண்டால் நல்லது. பிடிக்காமல் போனால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஊசிக்குப் பொருந்துவது கழுத்துப்பட்டி அளவுக்கும், துணிகளை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் விட்டுப்போன தையலுக்கும், கட்டிங்கில் நிறமாறிக் கலந்த பண்டலுக்கும் பொருந்தும். பத்தாவது பீஸில் ஒருவர் கண்ணில் பட்ட குறையை அவர் சொல்லாமல் விட்டதால், அறுநூறாவது பீஸில் செக்கிங் பிரிவு அதைக் கண்டுபிடித்து, மூட்டை மூட்டையாக ஆல்டரேஷனுக்கு, அதாவது பிரித்துத் திருத்தித் தைப்பதற்கு, திருப்பியனுப்புவதே நம் ஆலைகளில் வீணாகும் நேரத்தின் பெரும்பங்கு என்பது என் கணிப்பு. அந்த ஆல்டரேஷனுக்காக இரவு வேலை வைக்கிறோம், அதனால் மறுநாள் ஆள் வருகை குறைகிறது, குறைந்த ஆளை வைத்து டார்கெட்டைப் பிடிக்க மீண்டும் சத்தம் போடுகிறோம்.

சத்தம் போட்டால் லைன் ஓடும் என்ற நம்பிக்கையை உங்களில் பலரும் இன்னும் விடவில்லை. இருபது ஆபரேஷன்கள் கொண்ட ஒரு லைனில் மிக மெதுவான ஆபரேஷன் எதுவோ, அதன் வேகமே லைனின் வேகம். அந்த இடத்தில் பீஸ்கள் குவிந்து கிடப்பதை நடந்துபோகும் எவரும் பார்க்கலாம். அங்கே இன்னொரு மெஷினைப் போடுவதோ, வேலையை இரண்டாகப் பிரிப்பதோ, டெய்லருக்குக் கையுதவியாக இருக்கும் கைமடிக்கு இன்னோர் ஆளை விடுவதோ மேலாளரின் முடிவு. அம்முடிவை எடுக்காமல், குவியலுக்கு முன் உட்கார்ந்திருக்கும் டெய்லரைத் திட்டும்படி மேற்பார்வையாளரை அனுப்பினால், திட்டு வாங்கியவருடைய கை நடுங்குமே தவிர லைன் நகராது.

மேற்பார்வையாளரையும் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. அவர் பெரும்பாலும் நேற்றுவரை நல்ல டெய்லராக இருந்தவர். நன்றாகத் தைத்ததாலேயே மேற்பார்வைக்கு உயர்த்தப்பட்டவர். ஆட்களை நடத்துவது எப்படி என்று ஒருநாள் பயிற்சிகூட அவருக்கு யாரும் தந்திருக்கமாட்டார்கள். காலை உற்பத்திக் கூட்டத்தில் நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கேட்ட கேள்வியை, அதே சொற்களில், சில நேரம் இன்னும் தடித்த சொற்களில், அவர் லைனுக்கு எடுத்துச் செல்கிறார். அந்தக் கூட்டத்தில் “நேற்று ஏன் எண் குறைந்தது?” என்பதற்குமுன் “நேற்று எதனால் மெஷின் நின்றது, நான் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?” என்று நீங்கள் கேட்டுப்பாருங்கள். முதல் வாரம் எவரும் உண்மையான பதில் சொல்லமாட்டார்கள், பொறியோ என்று சந்தேகிப்பார்கள். சொன்ன குறையை நீங்கள் சரிசெய்து காட்டிய பிறகே பேச்சு வரும்.

அடுத்தது நேரம். மாலை ஐந்து மணிக்கு வந்து, இன்று ஒன்றரை ஷிப்ட், அதாவது வழக்கமான வேலைக்குமேல் இன்னும் அரை ஷிப்ட், என்று அறிவிப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. பள்ளியிலிருந்து பிள்ளையை அழைக்க வேண்டிய தாய்க்கு அந்த அறிவிப்பு என்ன செய்யும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஷிப்மென்ட் தேதி உங்களுக்கு வாரக்கணக்கில் முன்பே தெரியும், துணி சாயப்பட்டறையிலிருந்து எப்போது வரும் என்பதும் ஓரளவு தெரியும். அப்படியிருக்க, இரவு வேலையை முதல்நாளே சொல்ல முடியாமல் போவது திட்டமிடலின் கோளாறு. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் முதலே விதி இருந்தும், பல இடங்களில் அரை ஷிப்டுக்கு அரை ஷிப்ட் கூலியே தரப்படுவதையும் நீங்கள் அறிவீர்கள். சனிக்கிழமைச் சம்பளக் கவரில் பீஸ் ரேட், பீஸ் எண்ணிக்கை, பிடித்தம் ஆகியவை தெளிவாக எழுதப்பட்டிருந்தால், திங்கட்கிழமைக் காலையில் உங்கள் அறை வாசலில் நிற்கும் சச்சரவுகளில் பெரும்பாலானவை எழவே எழா. கூலிக் கணக்கில் பிறக்கும் மனக்கசப்பு இந்த ஊரில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, விலைவாசி உயர்வை ஈடுகட்டும் பஞ்சப்படியைக் கேட்டு 1984இல் 127 நாள் நீடித்த வேலைநிறுத்தம் சாட்சி.

இன்றைய லைனில் தமிழ் மட்டும் கேட்பதில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இல்லாமல் ஒரு ஷிப்மென்டும் கிளம்பாது என்ற நிலையில், அவர்களுக்குத் தெரிந்த நான்கு தமிழ்ச்சொற்களில் மூன்று வசைச்சொற்களாக இருப்பது நமக்குப் பெருமை தருவதன்று. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் திரண்டதும், பீகாரிலிருந்து அரசுக் குழு ஒன்று நேரில் வந்து விசாரித்ததும் நினைவிருக்கும். போலீசாரும் மாவட்ட நிர்வாகமும் இந்தியில் உதவி எண்களை அறிவித்து நம்பிக்கையூட்ட வேண்டியிருந்தது. எல்லா ஆலைகளையும் எட்டியது ஒரே வதந்திதான். ஆனால் தன் ஊர்க்காரர் ஒருவர் மேற்பார்வையாளராகவோ லைன் தலைவராகவோ இருக்கும் இடத்தில், ஓடுவதற்குமுன் கேட்டுத் தெளிந்துகொள்ள ஓர் ஆள் இருக்கிறார். அத்தகைய பதவி உயர்வுகளை எத்தனை ஆலைகள் தந்திருக்கின்றன?

குழுக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நிர்வாகமும் தொழிலாளர்களும் அடங்கிய பணிக்குழு அமைக்க 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமே வழிசெய்தது. பத்துப் பேர் இருந்தாலே பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு கட்டாயம் என்றது 2013ஆம் ஆண்டுச் சட்டம். இக்குழுக்கள் பல ஆலைகளில் அறிவிப்புப் பலகையில் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் உறுப்பினர் யாரென்று லைனில் கேட்டால், உறுப்பினருக்கே தெரியாத வேடிக்கையும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2021 ஜனவரியில் ஓர் இளம் ஆயத்த ஆடைத் தொழிலாளி கொல்லப்பட்டு, அவருடைய மேற்பார்வையாளர் கைதான பிறகு, 2022 ஏப்ரலில் கையெழுத்தான ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ வேறு வழியைக் காட்டியது. பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் ஒன்றும் ஆலை நிர்வாகமும் சேர்ந்து செய்துகொண்ட அந்த ஏற்பாட்டில், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். லைனில் நடக்கும் வசையையும் தொல்லையையும் அவர்கள் முளையிலேயே வெளிக்கொண்டுவந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கவும் அங்கே தடை இருந்தது. ஓர் உயிர் போன பிறகு செய்ததை, உயிர் போகாத ஆலைகளும் செய்யலாம்.

ஆடைகளுக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனமான பையர் தரும் விலையில் இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது இந்த ஊர் பட்ட பாட்டை நான் அறியாதவன் அல்லன். விலைப் பேச்சில் உங்கள் கை கட்டப்பட்டிருப்பதும் உண்மை. இரட்டிப்புக் கூலிக்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. அதைத் தவிர்க்கும் வழி கூடுதல் நேரத்தையே குறைப்பது, அதற்கு ஆல்டரேஷன் குறைய வேண்டும். மற்றபடி, இரவு வேலையை முதல்நாளே சொல்வதற்கும், கூலிச்சீட்டைத் தெளிவாக எழுதுவதற்கும், கழிப்பறைக்குப் போக டோக்கன் கேட்கும் வழக்கத்தைக் கைவிடுவதற்கும் எந்தப் பையரிடமும் விலை உயர்த்திக் கேட்க வேண்டியதில்லை.

என் வேண்டுகோள்கள் மூன்று. ஊசி உடைந்ததையோ குறையையோ தானாக முன்வந்து சொன்னவருடைய மணிநேர டார்கெட்டிலிருந்து, மெஷின் நின்ற நேரத்துக்கான பீஸ்களைக் கழித்துவிடுங்கள். அதைப் பலகையிலேயே எழுதுங்கள். மேற்பார்வையாளராக உயர்த்தும் ஒவ்வொருவருக்கும், லைனை ஒப்படைக்குமுன் ஆட்களை நடத்தும் பயிற்சி கொடுங்கள். உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டு, அலுவலக வாசலில் மாட்டாமல், பெண்கள் கழிப்பறையின் உட்புறக் கதவில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தரக்கட்டுப்பாட்டு ஊழியர் ஒருவர்,
திருப்பூர்.