முதல் ஊசியோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாய் வளர்ப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, குளியல், பழக்கும் முறை எல்லாம் விரிவாக இருந்தன. தடுப்பூசிக்கு மட்டும் ஒரே ஒரு வரி. அது போதாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாய் வளர்ப்பவர்களிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டால் பெருமையாக எடுத்து நீட்டுவார்கள். முதல் இரண்டு கட்டங்களில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், தேதி, டாக்டர் கையெழுத்து எல்லாம் இருக்கும். அதற்குக் கீழே காலி. கேட்டால், "அதான் குட்டியிலயே போட்டாச்சே" என்பார்கள்.

குட்டிக்கு ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்? சீம்பாலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் குட்டியின் உடம்பில் இருக்கும். நோயைத் தடுக்கும் அதுவே ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது. எந்தக் குட்டிக்கு எப்போது அது குறையும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, குறைந்தது 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒரு முறை போடுகிறார்கள். நடுவில் நிறுத்திவிட்டால் போட்டது பலித்ததா என்பதே தெரியாது.

"எங்க நாய் வாசலைத் தாண்டாது" என்பது இன்னொரு சமாதானம். சரி, நாய் தாண்டாது; நம் செருப்பு தாண்டுமே! வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகக் குட்டிகளைச் சில நாளில் கொன்றுவிடும் பார்வோ வைரஸ், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வெறிநோய் ஊசி கதையே வேறு. பெரும்பாலும் 12 வாரத்தில் முதல் ஊசி, ஓராண்டில் அடுத்தது, அப்புறம் மருந்தைப் பொறுத்து ஆண்டுதோறுமோ 3 ஆண்டுக்கு ஒரு முறையோ. மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய்களால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. விளையாட்டில் பல் பட்டதைத் திட்டு விழும் என்று மறைக்கிற குழந்தைகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஊசி போட்ட நாய் என்றாலும், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போவதே சரி.

அடுத்த இதழில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டு, எந்த வயதில் எந்த ஊசி என்ற அட்டவணையைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்கிற அளவில் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்