டிக்கெட் போனது, கார் போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் லக்சம்பர்க்கின் இலவசப் போக்குவரத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2020 மார்ச் முதல் இந்த நாட்டில் பஸ், ரயில், டிராம் எதற்கும் டிக்கெட் கிடையாது, உள்ளூர்க்காரர் வெளியூர்க்காரர் என்ற பாகுபாடும் கிடையாது என்பதெல்லாம் உண்மைதான். (ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் இன்னும் காசு வாங்குகிறார்கள். கட்டுரையாளர் அதை விட்டுவிட்டார்.) ஆனால் கட்டுரையைப் படித்து முடிப்பவருக்கு, டிக்கெட்டை ஒழித்ததோடு இங்கே சாலை நெரிசலும் ஒழிந்துவிட்டது என்ற எண்ணம்தான் மிஞ்சும். தெற்கே எஷ் நகரில் குடியிருந்து, தலைநகரின் கிர்ச்பெர்க் பகுதியில் வேலை பார்க்கிறவன் நான். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பணக் கணக்கு. இலவசம் வருவதற்கு முன் டிக்கெட் விற்பனையில் அரசுக்கு ஆண்டுக்குக் கிடைத்தது சுமார் 4 கோடி யூரோ. பொதுப் போக்குவரத்துக்கு ஆன செலவோ 50 கோடி யூரோ அளவில். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்கெனவே வரிப்பணம்தான். இரண்டு மணி நேரத்துக்கான டிக்கெட் 2 யூரோ. 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2018-லேயே இலவசமாகிவிட்டது. சரி, இங்கே கார் வைத்திருக்கும் ஒருவர் அந்த 2 யூரோவுக்குப் பயந்தா பஸ்ஸில் ஏறாமல் இருந்தார்? அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த பசுமைக் கட்சியின் ஃபிரான்சுவா பௌஷ்கூட இதைப் பெரிதும் சமூக நலத் திட்டமாகத்தான் முன்வைத்தார். அந்த அளவில் அது நல்ல திட்டம். துப்புரவு வேலைக்குப் போகிறவருக்கும் கடைச் சிப்பந்திக்கும் மாதாமாதம் கொஞ்சம் பணம் மிச்சம். ஆனால் திட்டம் தொடங்கி இரண்டு வாரத்தில் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டதால், இலவசத்தினால் மட்டும் எத்தனை பேர் காரை விட்டார்கள் என்று இன்றுவரை யாராலும் பிரித்துக் காட்ட முடியவில்லை.

உண்மையில் மாற்றத்தைக் கொண்டுவந்தது டிராம். கட்டுரையில் அதற்கு ஒரே ஒரு வரி! தலைநகரில் பழைய டிராமை 1964-ல் நிறுத்திவிட்டு, அரை நூற்றாண்டு கழித்து மறுபடி தண்டவாளம் போட்டார்கள். 2017 டிசம்பரில் கிர்ச்பெர்க் மேட்டில் ஒரு சிறு துண்டாக ஓட ஆரம்பித்தது, 2020 டிசம்பரில் தலைமை ரயில் நிலையத்தைத் தொட்டது. இன்று தெற்கே விளையாட்டரங்கத்திலிருந்து ஃபின்டெல் விமான நிலையம் வரை 16 கிலோமீட்டர். பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் மையப் பகுதியில் மேலே மின்கம்பியே கிடையாது. வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும் சில நொடிகளில் தரையிலிருந்து மின்னேற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும்.

அதே 2017 டிசம்பரில் ஃபாஃபென்தால் பள்ளத்தாக்கில் புது ரயில் நிலையமும், அங்கிருந்து கிர்ச்பெர்க் மேட்டுக்கு இழுவை ரயிலும் திறந்தார்கள். பழநியில் விஞ்ச் பார்த்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதற்கு முன் வடக்கே எட்டெல்புருக் பக்கமிருந்து வருகிறவர்கள், அலுவலகத்தை ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்துக்கொண்டே அதைத் தாண்டித் தலைமை நிலையம் வரை போய், பஸ் பிடித்துத் திரும்பி வர வேண்டும். இப்போது மலையடியில் இறங்கி ஓரிரு நிமிடத்தில் மேலே வந்துவிடுகிறார்கள். காரில் வந்துகொண்டிருந்தவர் ஒருவர் ரயிலுக்கு மாறினால், அது இப்படி மிச்சமாகும் நேரத்துக்காகத்தான்.

சரி, அப்படியானால் நெரிசல் ஏன் குறையவில்லை? தெற்கு எல்லைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். வடக்கு தெற்காக 82 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 57 கிலோமீட்டர், இவ்வளவுதான் நாடு. வீட்டு விலையோ விண்ணை முட்டுகிறது. அதனால் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் குடியிருந்துகொண்டு தினமும் இங்கே வேலைக்கு வருகிறார்கள். அதில் பாதிப்பேர் பிரான்சுப் பக்கம். இலவசம் எல்லையோடு முடிந்துவிடுகிறது. பிரான்சின் தியோன்வில்லிலோ ஜெர்மனியின் ட்ரியரிலோ ரயில் ஏறுகிறவருக்குக் கட்டணம் குறைந்ததே தவிர ஒழியவில்லை. எனக்குத் தெரிந்த சிலர் எல்லை தாண்டி ரோடாஞ்ஜ் நிலையம் வரை காரில் வந்து, வண்டியை அங்கே நிறுத்திவிட்டு இலவச ரயில் ஏறுகிறார்கள். அதிலும் தப்பில்லை, தலைநகருக்குள் ஒரு கார் குறைகிறதே. ஆனால் பெரும்பாலோர் பிரான்சின் ஏ31, இங்கே வந்ததும் ஏ3 என்று பெயர் மாறும் அந்த நெடுஞ்சாலையில்தான் காலையில் ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ரயிலுக்கு மாறுங்கள் என்று அவர்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை. பிரான்சிலிருந்து வரும் பாதையும், எங்கள் எஷ் பக்கமிருந்து வரும் பாதையும் பெட்டம்பூரில் ஒன்றாகச் சேர்கின்றன. அங்கிருந்து தலைநகர் வரை எல்லா ரயிலுக்கும் அதே பாதைதான். ஒரு வண்டி தாமதித்தால் பின்னால் வருவதெல்லாம் தாமதிக்கும். நெடுஞ்சாலையை ஒட்டிப் புதுப் பாதை போடும் வேலை வருடக்கணக்கில் நடக்கிறது. கோடை விடுமுறையில் இருக்கிற பாதையையும் மூடிவிட்டு மாற்று பஸ் விடுவது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. டிக்கெட்டை ஒரே நாளில் எடுத்துவிடலாம், தண்டவாளத்தை அப்படிப் போட முடியாதே.

இன்னொரு பக்கம், கார் ஓட்டுவதற்கு இந்த நாடு தரும் வசதி. 1,000 பேருக்கு ஏறத்தாழ 680 கார் என்ற கணக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தாலியும் லக்சம்பர்க்கும்தான் முன்னால் நிற்கின்றன. அலுவலகங்கள் சம்பளத்தோடு காரையும் கொடுக்கும் வழக்கம் இதற்கு ஒரு காரணம். அப்படி இங்கே பதிவான கார்களில் பல இரவில் பிரான்சில்தான் தூங்குகின்றன. அப்புறம் மலிவான பெட்ரோல். மர்தெலாஞ்ஜ் என்ற எல்லை ஊரில் சாலையின் ஒரு பக்கம் பெல்ஜியம், மறுபக்கம் லக்சம்பர்க். பெட்ரோல் பங்க்குகள் எந்தப் பக்கம் வரிசை கட்டி நிற்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2021-ல் கரியமில வரி போட்டபிறகு விலை இடைவெளி கொஞ்சம் குறைந்தது, வரிசை குறையவில்லை. பஸ்ஸை இலவசமாக்கிய கையோடு, அலுவலகக் கார்ச் சலுகையிலும் நகர மைய நிறுத்துமிடங்களிலும் இன்னும் கடுமையாகக் கை வைத்திருக்க வேண்டும். அதற்கு எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சைக்கிளைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது. இந்தச் சின்ன நாடு ஃபாபெர், ஃபிரான்ட்ஸ், சார்லி கோல், ஆண்டி ஷ்லெக் என்று டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற நான்கு பேரைக் கண்டது. ஆனால் 2017-ல் நடந்த அரசுக் கணக்கெடுப்பில் நூறு பயணத்தில் 69 காரில், சைக்கிளில் வெறும் இரண்டு. விடுமுறையில் ஓட்டுவதற்கு அருமையான பாதைகள் இருக்கின்றன. தலைநகரிலிருந்து எக்டெர்னாக் வரை, 1954-ல் மூடிய குறும்பாதை ரயிலின் தடத்திலேயே குகையெல்லாம் புகுந்து போகலாம். பெத்ருஸ் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் 1903-ஆம் ஆண்டு அடோல்ஃப் பாலத்தில், சாலைக்கு அடியில் வளைவுகளுக்கு நடுவே 2018-ல் ஒரு சைக்கிள் பாதையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேலே டிராம் ஓட, கீழே நாம் போகலாம். எங்கள் எஷ்ஷிலிருந்து பெல்வால் வரை 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டுமான மேம்பாலம் 2022 டிசம்பரில் திறந்தது. ரயிலில் சைக்கிளையும் சும்மாவே ஏற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவும் இருந்து என்ன? பாதைகள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. வயல்வெளியில் ராஜபாட்டையாக வரும் பாதை, ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் நிறுத்தியிருக்கும் கார்களுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடாக மாறி, அடுத்த சிக்னலில் காணாமல் போய்விடும். சைக்கிளைத் தாண்டும் கார் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குறுகலான ஊர்த் தெருவில் அந்த இடைவெளிக்கு இடமேது? மேடு பள்ளம்தான் காரணம் என்று முன்பு சொல்வார்கள். பேட்டரி சைக்கிள் வந்தபிறகு அந்தச் சாக்கும் எடுபடவில்லை. ஊர் நடுவில் ஒரு வரிசை கார் நிறுத்தத்தை எடுத்தால் பாதைக்கு இடம் கிடைக்கும். எந்த ஊர் மேயரும் அதைத் தொட விரும்புவதில்லை, கடைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

தமிழ்நாட்டின் மகளிர் இலவசப் பயணத்தோடு கட்டுரையாளர் செய்த ஒப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஏற்கெனவே பஸ்ஸை நம்பி இருந்த பெண்களின் கையில் பணம் மிஞ்சியது, யாரிடமும் காசு கேட்காமல் வெளியே போய்வரவும் முடிந்தது. இங்கே வைத்த எதிர்பார்ப்பு, காரில் இருப்பவர் இறங்கி வருவார் என்பது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எஷ்-சூர்-அல்ஸெட், லக்சம்பர்க்.

பி.கு.: கட்டுரையின் பெட்டிச் செய்தியில் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர பஸ் மட்டுமே உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். 2025 மார்ச்சிலிருந்து டிராம் அங்கே வாசல் வரை வருகிறது. இந்தப் பக்கம் வர இருக்கும் வாசகர்களுக்காக அதை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.